ரீயூனியன் டி-ஷர்ட், மக், ஷீல்டு அடித்த கடை: பொருள் எப்படி, அதில் போட்ட வார்த்தை எப்படி

கல்லூரி பேட்ச் ரீயூனியனுக்கு டி-ஷர்ட், மக், பேனர், ஷீல்டு என்று மொத்தமாக ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாக மகளிர் கல்லூரியில் படித்தவர்களுக்காக. கடை மதுரையில் சிம்மக்கல் பக்கம். பெயர் போடவில்லை, ஏனென்றால் சீசனில் வருகிற வேலையையே முடிக்க முடியவில்லை என்று கடைக்காரர் சொன்னார், அதோடு எனக்குக் கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் சட்டை அருமை, மக் பரவாயில்லை, ஷீல்டு மிக நன்றாக வந்தது, பேனரில் சொதப்பிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த முறையும் அங்கேதான் போவேன். அங்கே டிசைன் போடுகிற பெண் "இது யாருக்கு அக்கா, ஒருத்தருக்கா நிறைய பேருக்கா?" என்று கேட்காமல் அலும்னி, அதாவது முன்னாள் மாணவர்கள், என்கிற வார்த்தையில் கை வைப்பதே இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடையைப் பாராட்ட வேண்டும், அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் எல்லாவற்றுக்கும் அலும்னி என்று சொல்லிவிடுகிறோம். அலும்னி மீட், அலும்னி குரூப், "நான் அந்தக் காலேஜ் அலும்னி". உண்மையில் அது நான்கு வார்த்தைகளில் ஒன்று, நான்கும் லத்தீனில் இருந்து அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தவை, லத்தீனில் இருந்த ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டன. ஒரு ஆண் என்றால் அலும்னஸ், ஆங்கில எழுத்தில் கடைசியில் யு, எஸ் வரும். ஒரு பெண் என்றால் அலும்னா, கடைசியில் ஏ. பல ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்றால் அலும்னி, கடைசியில் ஐ. பெண்கள் மட்டுமே உள்ள கூட்டம் என்றால் அலும்னே, கடைசியில் ஏ, ஈ இரண்டும் சேர்ந்து வரும். ஆகவே ஒரு ஆள் தன்னைப் பற்றி "நான் அலும்னி" என்று எழுதினால் அது பிழை, ஆணானாலும் சரி பெண்ணானாலும் சரி. அலும்னி என்பதே பன்மை, அதற்குப் பின்னால் இன்னொரு எஸ் சேர்த்து அலும்னிஸ் என்று எழுதுவதும் பிழை. எக்ஸ்-அலும்னி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், வார்த்தையிலேயே முன்னாள் என்பது இருக்கும்போது அந்த எக்ஸ் எதற்கு? ஸ்பானியம் மாதிரி மொழிகளில் அதற்கு இடம் உண்டு, அங்கே அலும்னோ, அலும்னா என்றால் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவன், மாணவி, அதனால் முன்னாள் என்று சொல்ல அவர்கள் எக்ஸ் சேர்ப்பதில் தவறில்லை.

எங்களுடையது சிஸ்டர்கள் நடத்தும் மகளிர் கல்லூரி, நாங்கள் 1999 பேட்ச். ஆணே இல்லாத வகுப்பு. எங்களைப் பற்றி எழுதும்போது அலும்னே என்ற வார்த்தை கையில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஆண்பால் பன்மையை ஏன் போட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. லத்தீன் இலக்கணப்படி நூறு பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் கூட்டம் முழுவதும் அலும்னி ஆகிவிடும். அந்த விதியைத் தலைகீழாகப் பொருத்தி, ஒரு ஆண்கூட இல்லாத இடத்திலும் அலும்னி என்றே அடிப்பது வெறும் பழக்கம், அதற்கு எந்த இலக்கணமும் துணைக்கு வராது. அமெரிக்காவில் பெண்கள் பட்டம் வாங்கத் தொடங்கிய காலத்தில் 1881-ல் பாஸ்டனில் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள், அதற்கு அசோசியேஷன் ஆஃப் காலேஜியேட் அலும்னே என்று பெயர். பெண் உயர்கல்வி படித்தால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. படித்து முடித்த பெண்கள் பன்மையில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெயரே ஊருக்குச் சொல்லிவிட்டது. ஸ்மித், வெல்ஸ்லி மாதிரியான மகளிர் கல்லூரிகளின் சங்கங்கள் இன்றைக்கும் அலும்னே சங்கங்கள்தான். வாசர் கல்லூரி 1969-ல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது, ஆனாலும் பழைய மாணவிகளின் பெயரை ஆண்பால் பன்மைக்குள் கரைத்துவிடாமல் அலும்னே என்று எழுதி ஒரு சாய்கோடு போட்டுப் பக்கத்தில் ஐ எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் முதலில் வந்தார்கள், அதனால் பெயரிலும் முதலில் நிற்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு.

சரி, கடைக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்தால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பக்கம் ஹீட் பிரஸ், பின்கட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை, மாடியில் லேசர் மெஷின். நாங்கள் போன அன்று ஒரு என்ஜினீயரிங் கல்லூரிக்கான சட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன, எல்லாவற்றின் முதுகிலும் "ப்ரவுட் அலும்னி". ஒரு ஆள் போடும் சட்டையில் பன்மை! கடைக்காரரிடம் கேட்டேன், அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபோது இந்தப் பிழை எதனால் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது என்பதும் புரிந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு டிசைனுக்கும், ஒவ்வொரு கலருக்கும் தனி பிரேம் போட வேண்டும். ஆண், பெண் இரண்டும் படித்த கல்லூரிக்கு அலும்னஸ் என்று ஒரு பிரேம், அலும்னா என்று இன்னொரு பிரேம் போட்டால் செலவு கூடும், அதோடு சைஸ் வாரியாக எத்தனை இதில், எத்தனை அதில் என்று பிரித்து எண்ண வேண்டும். அலும்னி என்று ஒரே பிரேம் போட்டால் வேலை முடிந்தது. "இதை யாரும் கேட்கிறதில்ல மேடம், கேட்டா பண்ணிக் கொடுத்துருவோம்" என்றார்.

மகளிர் கல்லூரிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு சட்டையையும் போடப் போவது ஒரு பெண், ஆகவே எல்லாச் சட்டையிலும் அலும்னா என்று ஒருமையில் போட்டால் சரி, ஒரே பிரேம் போதும். பேனரில் மட்டும் எல்லோரையும் சேர்த்துச் சொல்வதால் அலும்னே. இருபாலரும் படித்த கல்லூரிக்காரர்கள் டிடிஎஃப் பிரிண்ட் கேட்கலாம். அதில் பிலிமில் அடித்து ஹீட் பிரஸ்ஸில் வைத்து ஒட்டுகிறார்கள், பிரேம் கணக்கே வராது, ஒவ்வொரு சட்டைக்கும் வேறு வார்த்தை, வேறு பெயர்கூடப் போடலாம். கை வைத்துப் பார்த்தால் மேலே ஒரு ரப்பர் படலம் மாதிரி தெரியும், மதுரை வெயிலுக்கு முதுகில் பெரிய டிசைன் அப்படிப் போட்டால் வேர்க்கும், அதனால் நெஞ்சுப் பக்கம் சின்னதாகப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

எங்கள் சட்டை திருப்பூர் காட்டன், 180 ஜிஎஸ்எம் (துணியின் கனம்), மென்மையாக்கும் பயோ வாஷ் செய்தது, கருநீலத்தில் வெள்ளை எழுத்து. துவைத்த பிறகும் எழுத்து வெடிக்கவில்லை, கழுத்துப் பட்டி தொங்கவில்லை. எம் சைஸும் எல் சைஸும் சரியாக இருந்தன, எக்ஸ்எல் மட்டும் தோளில் கொஞ்சம் பிடித்தது, ஐம்பதை நெருங்குகிற எங்கள் வயதுக்கு ஒரு சைஸ் கூட்டியே வாங்குவது நல்லது. விலை மற்ற கடைகளைவிட ஒரு சட்டைக்கு முப்பது நாற்பது ரூபாய் அதிகம், கொடுக்கலாம்.

சட்டையில் என்ன போடுவது என்பதில்தான் எங்கள் குரூப்பில் பெரிய பேச்சு நடந்தது. முதலில் பலரும் சொன்னது "ப்ரவுட் கிராஜுவேட் 1999". அப்போது ஒருத்தி, இரண்டாம் வருடத்தில் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டதால் படிப்பை நிறுத்தியவள், "நான் டிகிரி முடிக்கலையே, எனக்கும் சட்டை உண்டாடி?" என்று குரூப்பில் கேட்டாள். அவள்தான் முதல் வருடத்தில் எங்களுக்கெல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் செட்டில் அப்படி நின்றுபோனவர்கள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை, அந்தக் காலத்து எந்த மகளிர் கல்லூரி பேட்சை எடுத்தாலும் இப்படிச் சிலர் இருப்பார்கள், அவர்களை ரீயூனியனுக்கு வரவழைப்பதுதான் மற்றவர்களைக் கூப்பிடுவதைவிடக் கஷ்டம். கிராஜுவேட் என்று போட்டால் அது பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும். அலும்னா அப்படி இல்லை. அங்கே படித்தவர் என்றாலே போதும், முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மெரியம்-வெப்ஸ்டர் அகராதியே படித்தவரையும் பட்டம் பெற்றவரையும் சேர்த்துத்தான் பொருள் சொல்கிறது. லத்தீனில் பார்த்தாலும் அந்தப் பொருள்தான் பொருந்தும். அலேரே என்றால் ஊட்டி வளர்ப்பது, அதில் இருந்து பிறந்த அலும்னஸ், அலும்னா என்பதற்கு வளர்ப்புப் பிள்ளை என்று பொருள். ரோமானியர்களின் கல்லறைக் கல்வெட்டுகளில் இந்தப் பொருளில்தான் அது வருகிறது, பெற்ற பிள்ளை அல்லாத, ஒரு வீடு எடுத்து வளர்த்த பிள்ளை. கல்லூரியை ஆல்மா மேட்டர் என்கிறோமே, ஊட்டி வளர்க்கும் தாய், அதில் உள்ள ஆல்மாவும் அதே வேரில் இருந்து வந்ததுதான். இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகம் தன் பெயரையே ஆல்மா மேட்டர் ஸ்டூடியோரம் என்று வைத்திருக்கிறது. வளர்த்த வீட்டில் எத்தனை வருடம் இருந்தாய், சர்டிபிகேட் வாங்கினாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே "அலும்னா, 1996–99" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டோம். அவள் வந்தாள், சட்டையைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இங்கே அந்த டிசைனர் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபத்து நான்கு, ஐந்து இருக்கும். மானிட்டரின் அடிச்சட்டத்தில் செல்லோடேப் போட்டு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் போட்டு, மேலே ஒருவர், பலர் என்றும் இடது பக்கம் ஆண், பெண் என்றும் எழுதி, நான்கு கட்டத்திலும் நான்கு வார்த்தை, கட்டத்துக்குக் கீழே கலந்து இருந்தால் ஆண் பலர் கட்டம் என்று ஒரு வரி. டேப் மஞ்சளாகிப்போய் ஓரம் சுருண்டிருக்கிறது. முன்பு ஒரு லேடி டாக்டருக்குச் செய்த ஷீல்டில் அலும்னஸ் என்று போட்டுவிட்டு, விழா நடத்தினவர்கள் திருப்பிக் கொண்டுவந்ததால் கடைச் செலவிலேயே மறுபடி செய்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது, அன்றைக்கு எழுதி ஒட்டியதாம். கோரல் டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் பழைய பைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம், அவசரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவள் பைலைத் திறந்ததும் முதலில் அந்த வார்த்தையை அழித்துவிட்டு, கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறாள்.

ஷீல்டு விஷயத்தில் அவள் கேட்ட கேள்வி எங்களைக் காப்பாற்றியது. எங்கள் ஆசிரியைகள் சிலருக்கு நினைவுப் பரிசு செய்தோம். ஓய்வுபெற்றவர்கள் எல்லோருக்கும் பெயருக்குக் கீழே ப்ரொபசர் எமெரிட்டஸ் என்று போட்டுவிடலாம், பார்க்க மதிப்பாக இருக்கும் என்று கமிட்டியில் ஒருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். "அக்கா, இவங்க எல்லாரும் மேடம்தானே? அப்ப எமெரிட்டாதானே வரும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். வரும். அலும்னஸ், அலும்னா போலவே இதுவும் லத்தீன், ஆணுக்கு எமெரிட்டஸ், பெண்ணுக்கு எமெரிட்டா, ஆண்கள் அல்லது கலந்த கூட்டம் என்றால் பன்மைக்கு எமெரிட்டி. சேவை செய்து உழைத்துப் பெற்றது என்று பொருள். ரோமானியப் படையில் பணிக்காலத்தை முழுதாக முடித்த வீரர்களை அப்படித்தான் சொன்னார்கள், கி.மு. 25-ல் அப்படிப்பட்ட வீரர்களைக் குடியமர்த்த ஸ்பெயினில் எமெரிட்டா அகஸ்டா என்று ஒரு நகரம் கட்டினார்கள், இன்றைய மெரிடா நகரம் அதுதான். அவள் கேட்ட கேள்வியால் இன்னொன்றும் வெளியே வந்தது. எமெரிட்டஸ், எமெரிட்டா என்பது ஓய்வுபெற்றவர் எல்லோருக்கும் பொருந்தும் பட்டம் கிடையாது, நிறுவனம் பார்த்துத் தரும் தகுதி. எங்கள் மேம்களில் ஒருவருக்கு மட்டும்தான் அது உண்டு. அவருக்கு எமெரிட்டா என்றும் மற்றவர்களுக்கு முன்னாள் பேராசிரியர் என்றும் போட்டோம். தப்பான பட்டத்தைப் போட்டு மேடையில் கொடுத்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதை வெளியே வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவு கறாரானவர்கள்.

ஷீல்டு வேலைப்பாடு நேர்த்தி. தேக்கு நிற மரப்பலகை, மேலே பித்தளைத் தகடு, லேசர் எழுத்து, விரலால் தடவினால் ஆழம் தெரிகிறது. அக்ரிலிக்கிலும் செய்கிறார்கள், விலை குறைவு, சீக்கிரம் கீறல் விழும், ஆசிரியர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் கூடப் போட்டு மரத்திலேயே செய்யுங்கள்.

ஷீல்டு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை ஐஐடி மாதிரி இடங்களில் விருதின் பெயரே டிஸ்டிங்விஷ்ட் அலும்னஸ் அவார்ட் என்று இருக்கிறது, பெண்ணுக்குக் கொடுத்தாலும் விருதுக்கு அதே பெயர்தான். அந்த மாதிரி நிறுவனம் வைத்த பெயரை நாம் கடையில் மாற்ற முடியாது. ஆனால் நாமே விருது வைத்து, நாமே தகடு அடித்து, ஒரு பெண்ணின் பெயருக்கு மேல் அலும்னஸ் என்று ஏன் போட வேண்டும்? அந்தந்த நிறுவனங்களும் ஒருநாள் மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

மக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 11 அவுன்ஸ் வெள்ளை பீங்கான் மக், சப்ளிமேஷன் பிரிண்ட், நிறம் கொஞ்சம் மங்கலாக வந்தது, எங்கள் கல்லூரியின் மெரூன் கலர் செங்கல் நிறமாகிவிட்டது. கைப்பிடி உறுதி. ரெடிமேட் டிசைன்கள் எல்லாமே "அலும்னி" என்றுதான் இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். கணவனும் மனைவியும் ஒரே கல்லூரி என்றால் ஜோடி மக் கொடுக்கிறார்கள், அதில் ஒன்றில் அலும்னஸ், இன்னொன்றில் அலும்னா போட்டுக் கேளுங்கள், தனி டிசைன் என்றாலும் மக்கில் விலை மாறாது.

ஆண், பெண் என்று பிரித்துப் போட விருப்பம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் அலும் என்று சுருக்கி எழுதுவது இப்போது சகஜம், பன்மையில் அலும்ஸ். திருநர் நண்பர்கள் இருக்கிற பேட்ச், இருபாலரும் படித்த கல்லூரி, ஒரே பிரேமில் எல்லோருக்கும் ஒருமையில் அடிக்க வேண்டும் என்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். படிகாரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகள்தான், உச்சரிப்பு வேறு, சட்டையில் தனியாக அந்த வார்த்தை மட்டும் நின்றால் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரலாம், அதனால் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே வரும்படி போடுங்கள். கடைசியில் எக்ஸ் எழுத்தைப் போட்டு எழுதும் வடிவமும் வெளிநாட்டில் புழக்கத்தில் உள்ளது, அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதில் தெளிவில்லாததால் மேடையில் பேசும் விழாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேடை என்றதும் உச்சரிப்பு நினைவுக்கு வருகிறது. விழாவைத் தொகுத்து வழங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐயில் முடியும் ஆண்பால் பன்மையை ஆங்கிலத்தில் அலம்னை என்று சொல்ல வேண்டும். ஏ, ஈ என்று முடியும் பெண்பால் பன்மையை அலம்னீ என்று சொல்ல வேண்டும். பழைய லத்தீனில் இதற்கு நேர்மாறு, ஆண்பால்தான் அலும்னீ, பெண்பால் அலும்னை. இங்கிலாந்தில் ஆங்கில உயிரொலிகள் நூற்றாண்டுகள் போகப் போக மாறியபோது, அவர்கள் லத்தீனையும் தங்கள் வாய்க்கு வந்த ஒலியிலேயே படித்ததால் இப்படி இடம் மாறிவிட்டது. எங்கள் கல்லூரியின் வயதான சிஸ்டர் ஒருவர் திருச்சபை லத்தீனில் பழகியவர், அவர் அலும்னே என்றுதான் சொல்வார், அதுவும் அந்த மரபுப்படி சரிதான். ஆக, நம் ஊரில் பொதுவாகச் சொல்லும் அலும்னி என்ற ஒலி, ஆங்கில முறைப்படி பார்த்தால் பெண்பால் பன்மைக்குத்தான் கிட்டே வருகிறது! எழுதும்போது மட்டும் ஆண்பாலில் எழுதுகிறோம். மைக்கில் எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் பித்தளையில் லேசர் வைத்தது அப்படியே நிற்கும், அதனால் எழுத்தில் கவனமாக இருப்பதுதான் முக்கியம்.

இனி பேனர். லத்தீனில் இவ்வளவு கவனமாக இருந்த கடை தமிழில் கோட்டை விட்டது. ஆங்கிலத்தில் "அலும்னே மீட்" என்று மிகச் சரியாக அடித்துவிட்டு, அதற்கு மேலே தமிழில் "முன்னாள் மாணவர்கள் சந்திப்பு" என்று ப்ரூஃப், அதாவது அடிப்பதற்கு முன் பார்க்கும் மாதிரி, அனுப்பினார்கள். பழைய பைலில் இருந்த வரி. மாணவர் என்பது பொதுப்பெயர், தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் மாணவியர் என்று அழகான சொல் இருக்க, மகளிர் கல்லூரி பேனரில் அதைத்தான் போட வேண்டும். மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள், யூனிகோடில் இருந்து அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது "சந்திப்பு" உடைந்து, புள்ளி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விட்டன. அந்த வேலையைச் செய்தது வேறொரு பையன், அந்தப் பெண் அன்றைக்கு லீவு. வாட்ஸ்அப்பில் சரி பண்ணியாச்சு என்று செய்தி வந்தது, பிரிண்ட் எடுத்த பேனரில் பழையபடியே இருந்தது. விழாவுக்கு முந்தைய நாள் மாலை திருப்பிக் கொடுத்து ராத்திரி எட்டு மணி வரை நின்று வாங்கி வந்தோம். மறுபடி அடித்ததற்குக் காசு கேட்கவில்லை, ஆனால் சின்ன வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. இதற்குத்தான் நான் மதிப்பெண் குறைக்கிறேன். ஆங்கில வார்த்தைக்கு மானிட்டரில் காகிதம் ஒட்டுகிறவர்கள் தமிழ் வரிக்கும் அதே அக்கறை காட்ட வேண்டாமா?

பேனரைப் பற்றி இன்னொரு சந்தேகமும் வந்தது. சிலர் கணவரோடு, பையன்களோடு வருவார்களே, அப்படியானால் கூட்டத்தில் ஆண்களும் இருப்பதால் அலும்னி என்றுதானே போட வேண்டும் என்று கேட்டார்கள். வேண்டாம். வந்திருக்கும் ஆண்கள் விருந்தினர்கள், அங்கே படித்தவர்கள் இல்லை. வார்த்தை படித்தவர்களைத்தான் குறிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தலைவலியே இல்லாமல் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் கல்லூரிக்கு ஓல்டு பாய்ஸ் அசோசியேஷன், பெண்கள் கல்லூரிக்கு ஓல்டு கேர்ல்ஸ் அசோசியேஷன், ஓபிஏ, ஓஜிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், தமிழில் பழைய மாணவர் சங்கம், பழைய மாணவிகள் சங்கம். 1824-ல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி போல இருநூறு வருடப் பள்ளிகள் இருக்கிற மண் அது, லத்தீன் இல்லாமலே பெண்களுக்குத் தனிப் பெயர் இருக்கிறது. நம் பக்கம் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வருகைக்குப் பயந்து ஒவ்வொரு கல்லூரியும் சங்கத்தைப் பதிவு செய்கிறது, அவர்களுடைய மதிப்பீட்டில் அலும்னி எங்கேஜ்மென்ட் என்று ஒரு தலைப்பே உண்டு, அந்தப் படிவத்தில் உள்ள வார்த்தையை அப்படியே எடுத்து மகளிர் கல்லூரிகளும் சங்கத்துக்குப் பெயராக வைத்துவிடுகின்றன. படிவத்தில் பொதுத்தலைப்பு எப்படி இருந்தாலும், பதிவு செய்யும்போது சங்கத்தின் பெயரை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு பெயர் மாற்றத் தீர்மானம் போட்டு, மனு கொடுத்து அலைய வேண்டும், ஆகவே புதிதாகப் பதிவு செய்கிற மகளிர் கல்லூரிகள் முதல் முறையே அலும்னே அசோசியேஷன் என்று வைத்துவிடுங்கள்.

மொத்தத்தில் சட்டைக்கும் ஷீல்டுக்கும் ஐந்துக்கு ஐந்து, மக்குக்கு மூன்று, பேனருக்கு இரண்டு. அந்தப் பெண்ணின் வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

எந்த ஊரில் எந்தக் கடையில் கொடுத்தாலும், ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு தாளில் சட்டைக்கு என்ன வார்த்தை, பேனருக்கு என்ன வார்த்தை, ஷீல்டில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழே என்ன வார்த்தை என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், போனில் சொல்லாதீர்கள். ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்தால் மட்டும் போதாது, கடைசி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஏ, ஈ இரண்டும் இருக்கிறதா என்று. தமிழ் வரி இருந்தால் அதை நீங்களே படமாகச் செய்து கொடுத்துவிடுவது உத்தமம், எழுத்து உடையாது. டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் வாரமும் ரீயூனியன் சீசன், வெளிநாட்டில் இருப்பவர்கள் வருகிற நேரம், அப்போது பத்து நாள் என்று சொன்னால் மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் பாதி கேட்கிறார்கள், பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டெலிவரி எடுக்கும்போது பேனரைச் சுருட்டியபடியே வாங்கி வந்துவிடாமல் அங்கேயே விரித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.